பைரவிக்கு மட்டும் மழுங்கிய ஊசி

வள்ளிநாயகிக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அன்று ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். குசினியில் மரவள்ளிக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் விழுந்த சத்தம் கூடத்தில் இருந்த மூன்று ஆண்களுக்கும் கேட்காமல் இருந்திருக்காது. கேட்டும் கேளாதவர்கள்போல அவர்கள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதற்குத் தீர்ப்பு? அவளுடைய உயிரில் பாதியான இசைத்தட்டு வீட்டில் இருக்கலாமா, போக வேண்டுமா என்பதற்கு! அதுவும் அதைக் கேட்காமலே!

அவள் கோபம் அன்றைக்குப் பிறந்ததல்ல. அதற்கு வயது உண்டு.

தைப்பிங்கில் ரயில்வே கந்தோரில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரரின் மூத்த மகள் அவள். கலியாணத்தின்போது நகைகளோடு ஒரு கிராமபோன் பெட்டியையும் அப்பா சீதனமாகக் கொடுத்தார். தேக்குப் பெட்டி. மூடியைத் திறந்தால் பச்சைக் கம்பளி ஒட்டிய வட்டம். பக்கத்தில் சாவி கொடுக்கும் கைப்பிடி. "நகை அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடக்கும், பிள்ளை. இது திறந்து கிடக்கட்டும்" என்றார் அப்பா. பினாங்குக்கு வாழ வந்த அந்தப் புதுப்பெண், கப்பல் துறையில் கூலிக்காரன் கேட்டும் கொடுக்காமல், பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு கடலைக் கடந்தாள்.

பெட்டி திறந்துதான் கிடந்தது. ஆனால் அவளுக்காக அல்ல.

கணவர் நாகநாதன் நல்ல மனிதர். துறைமுகக் கந்தோரில் கிளார்க். குடி இல்லை, சூது இல்லை. ஊரில் ஒருவரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் இசைத்தட்டு. அந்தப் பைத்தியத்துக்குத் துணையாக இரண்டு பேர். ஒருவர் கந்தப்பு மாஸ்டர், பள்ளி ஆசிரியர். எந்த ராகத்தைப் பற்றியும் கடைசி வார்த்தை அவருடையது. மற்றவர் கார்த்திகேசு, தபால் கந்தோர்க்காரர். கடைசியாகப் பேசியவர் யாரோ அவரோடு ஒத்துப்போவது அவர் சுபாவம். ஜெலுத்தோங் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருந்த நாகநாதன் வீட்டில் ஞாயிறுதோறும் இந்த மூவரும் கூடுவார்கள். அதற்குச் 'சபை' என்று பெயர். ஒவ்வொரு தட்டாகப் போடுவார்கள், கேட்பார்கள், ஒவ்வொருவராக அபிப்பிராயம் சொல்வார்கள். ஆலத்தம்பாடி வித்துவானின் தோடிதான் எப்போதும் முதலிடம். அது நாகநாதனின் கண்மணி. அடுத்தது மாஸ்டருக்குப் பிடித்த காம்போதி, வடகரைக்காரரின் நாயனம். கதவுக்குப் பின்னால் நின்று கோப்பி கொடுத்த வள்ளிநாயகியிடம், "உமக்கு எப்பிடி?" என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாராவது கேட்டார்களா? கோப்பிக்குச் சீனி காணாது என்றுதான் சொன்னார்கள்!

கேட்டவள் ஒருத்தி இருந்தாள். அவளுடைய தங்கை புஷ்பராணி. ஆஸ்பத்திரியில் தாதி. ஒரு நாள் வேலை முடிந்து வெள்ளை உடுப்போடே வந்து, கடைக் காகிதத்தில் சுற்றிய ஒரு தட்டை அக்காவின் கையில் வைத்தாள்.

"இது அத்தானுக்கு இல்லை, அக்கா. உனக்கு. கேட்டுப்போட்டு எப்பிடி எண்டு எனக்கு மட்டும் சொல்லு."

பழூர் சொர்ணாம்பாள் பாடிய பைரவி. அக்காவும் தங்கையும் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

"மூச்சை எங்க எடுக்கிறா எண்டே தெரியேல்லை, அக்கா!"

"எடுக்கிறாவடி. மேல போறதுக்கு முன்னம் ஒரு சின்னச் சிரிப்பு மாதிரி வருது பார். அதுதான் மூச்சு."

திரும்பவும் போட்டார்கள். அந்தச் சிரிப்பு வந்ததும் புஷ்பராணி கைகொட்டினாள். வள்ளிநாயகியின் வாழ்க்கையில் அவளுடைய அபிப்பிராயத்துக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான்.

சபையில் அந்தத் தட்டுக்கு என்ன கிடைத்தது? "பொம்பிளைக் குரல். இனிமை இருக்கு, அழுத்தம் காணாது" என்றார் மாஸ்டர். "காணாதுதான்" என்றார் கார்த்திகேசு. நாகநாதன் தோடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடிந்தது வழக்கு.

பிறகு ஜப்பான்காரனின் சண்டை வந்தது. டிசம்பர் மாதத்தில் பினாங்கின் நகரமான ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தது. ஊரே ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்துக்கு ஓடியது. நாகநாதன் பெட்டியையும் தட்டுகளையும் ஒரு பிரம்புக் கூடையில் அடுக்கி, அதன்மேல் கம்பளியைப் போர்த்திக் கட்டிக்கொண்டு வந்தார். தெரிந்தவர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கி மூச்சு வாங்கியதும் வள்ளிநாயகி கூடையை அவிழ்த்தாள். தோடி இருந்தது. காம்போதி இருந்தது. பைரவி இல்லை.

"இடம் காணேல்லை, வள்ளி" என்றார் அவர் நிலத்தைப் பார்த்தபடி.

இடம் காணவில்லையாம்! ஒரு தட்டின் தடிப்புக்கு இடம் காணவில்லையாம்!

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் அவள் நடந்தே திரும்பினாள். நகரத்துப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. பூட்டிய வீட்டு வாசலில் ஒரு தாதி நின்றாள், புஷ்பராணியோடு வேலை பார்த்தவள். அவள் அழுதுகொண்டே சொன்னாள். மார்க்கெட் தெருவுக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தபோது புஷ்பராணி அங்கே இருந்திருக்கிறாள். விதியே, உனக்கும் ஈவிரக்கம் இல்லையா? தட்டை எடுக்கப் போனவள் தங்கையை இழந்து, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குத் திரும்பினாள்.

ஊர் அடங்கி எல்லோரும் வீடு திரும்பினார்கள். கொடி மாறியது, கடிகாரம் ஜப்பான் நேரத்துக்கு மாறியது, அரிசி போய் மரவள்ளி வந்தது. மாஸ்டரின் பள்ளிக்கூடத்தில் ஜப்பான் பாஷை வந்தது, மாஸ்டர் வேலை போய் வீட்டில் உட்கார்ந்தார். சபை மட்டும் மாறவில்லை. ஆனால் தட்டில் ஓடும் ஊசி கிடைக்கவில்லை.

முன்பெல்லாம் ஒரு பக்கம் போட்டால் ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது மாட்டுவார்கள். இப்போது எங்கே புதியது? மாஸ்டர் பழைய ஊசியைச் சாணைக்கல்லில் தீட்டினார். தீட்டிய ஊசி முதலில் தோடிக்கு. பிறகு நாயனத்துக்கு. அப்புறம் மற்ற வித்துவான்களுக்கு. கடைசியில், ஆணிபோல மழுங்கிய பிறகு, "சரி, அந்தப் பைரவியையும் போட்டுவிடுவம்" என்பார்கள். மழுங்கிய ஊசி தட்டின் வரிகளைச் சுரண்டிக்கொண்டு ஓடும். வள்ளிநாயகிக்குத் தன் முதுகில் யாரோ சுரண்டுவதுபோல இருக்கும். இரண்டொரு வாரம் பொறுத்தாள். மூன்றாம் முறை தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டுத் துண்டில் சுற்றிப் புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டாள். சபையில் யாரும் அதைத் தேடவில்லை.

வழி காட்டியவள் அடுத்த வீட்டு ஹபீபா பீவி. வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய எலுமிச்சை மரம் நின்றது. காய் பறித்தபோது முள் குத்திக் கையை உதறினாள்.

"ஊசி மாதிரி இருக்குதும்மா சனியன்! துணியே தைக்கலாம் போல."

வள்ளிநாயகி அந்த முள்ளை வாங்கிப் பார்த்தாள். நன்றாக முற்றிக் காய்ந்த முள்ளாகத் தேடி எடுத்து, அளவாக நறுக்கி, ஊசி மாட்டும் துளையில் செருகித் திருகினாள். சத்தம் பாதியாகக் குறைந்துதான் வந்தது. ஆனால் சொர்ணாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல வந்தது! அந்தச் சின்னச் சிரிப்பும் வந்தது. அன்று வள்ளிநாயகி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஹபீபா பீவியும் எதற்கென்று தெரியாமலே அழுதாள்.

கணவரிடம் ஆசையாகச் சொன்னாள். அவர் சிரித்தார். "முள்ளால பாட்டே? நாளைக்கு மீன் முள்ளாலயும் போடுவீர்போல!"

அதன் பிறகு அவள் சொல்லவில்லை. அவர் கந்தோருக்குப் போன வேளையில் போடுவாள். ஹபீபா பீவி வேலியோரம் நின்று, "இன்னிக்கு அந்தப் பொம்பள பாடலியாம்மா?" என்று கேட்பாள்.

இப்படி இருந்தபோதுதான் தங்கராஜு வந்தான். அந்தச் சந்துக்கு ஜப்பான்காரன் வைத்த காவல் தலைவன் அவன்தான். புஜத்தில் பட்டி, வாயில் அதிகாரம்.

"சார், ஒங்க வீட்ல பாட்டுப் பிளேட்டு நெறைய இருக்காமே? எல்லாம் வெள்ளக்காரன் கம்பெனி பிளேட்டுலா. மேலே கேக்குறாங்க. பாதியக் கொடுத்துருங்க, மீதிய நான் பாக்கல. திங்கக்கெழம காலைல வருவேன்."

மேலிடத்து உத்தரவோ, அவன் மூளையில் முளைத்ததோ, யார் போய்க் கேட்பது? கேட்டவர்கள் சிலர் திரும்பி வராத காலம். எந்தப் பாதியைக் கொடுப்பது என்று தீர்மானிக்கத்தான் அந்த ஞாயிறு சபை கூடியது. மேசையில் இரண்டு அடுக்கு. வலப்பக்கம் நிற்பவை. இடப்பக்கம் போகிறவை. புடவைகளுக்கு நடுவிலிருந்து பைரவியையும் நாகநாதன் எடுத்துவந்து வைத்திருந்தார். ஒரு வார்த்தை கேட்காமல்!

"தோடி நிக்கட்டும். ஆருக்கும் மறுப்பில்லைத்தானே?" என்றார் மாஸ்டர்.

"மறுப்பில்லை" என்றார் கார்த்திகேசு.

"நாயனம் நிக்கட்டும்."

"நிக்கட்டும்."

"இது பழூர் சொர்ணாம்பாள். உது போகட்டும்."

"போகட்டும்."

குசினியில் கத்தி நின்றது.

நாகநாதன் தொண்டையைச் செருமினார். குரலைத் தாழ்த்தி, "மாஸ்டர், அது அவவின்ர தங்கச்சி வாங்கிக் குடுத்தது. அந்தப் பிள்ளை குண்டில செத்துப்போச்சு. அவவுக்கு ஒரு ஞாபகம். இருந்திட்டுப் போகட்டும்" என்றார்.

"ஓ... பாவம். அப்ப சரி. பாட்டுக்காக எண்டு இல்லை, ஞாபகத்துக்காக வைப்பம்." மாஸ்டர் தட்டை வலப்பக்கம் நகர்த்தினார்.

தட்டுத் தப்பிவிட்டது! வாயை மூடிக்கொண்டு கிழங்கை வெட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். வேறொரு பெண் அப்படித்தான் செய்திருப்பாள். ஆனால் வள்ளிநாயகியின் உடம்பெல்லாம் தீப்பிடித்தது. அந்த வீட்டுக்கு வாழ வந்த நாள்முதல் சபை நேரத்தில் தாண்டாத வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். கையில் கத்தி இருந்ததை அவளே கவனிக்கவில்லை. கார்த்திகேசு கவனித்துக் காலை மடக்கிக்கொண்டார்.

"வைக்க வேண்டாம்!"

மூவரும் நிமிர்ந்தார்கள்.

"பாவம் பாத்து வைக்க இது என்ன பிச்சைச் சோறா, மாஸ்டர்? என்ர தங்கச்சியை நான் நெஞ்சுக்குள்ள வைச்சிருக்கிறன். அதுக்கு எனக்குப் பிளேட் வேண்டாம். இது நல்ல பாட்டு. நல்ல பாட்டு எண்டு வைக்கிறதெண்டால் வையுங்கோ. இல்லையெண்டால் அவன் கொண்டு போகட்டும். ஆனால் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ!"

"கேட்டதுதானே, பிள்ளை. எத்தினை தரம்..."

"எந்த ஊசியில கேட்டனீங்கள்?"

மாஸ்டர் பெட்டியின் ஊசியைப் பார்த்தார்.

"தோடிக்குத் தீட்டின ஊசி. நாயனத்துக்குத் தீட்டின ஊசி. ஆணியாப் போன பிறகு இவவுக்கு! மூக்கைப் பொத்திப் பாடச் சொல்லிப்போட்டு, பேந்து குரல் காணாது எண்டு தீர்ப்பு! இதுக்குப் பேர் சபையா?"

கார்த்திகேசு சிரித்துவிட்டார். மாஸ்டர் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கினார்.

"வள்ளி, நீர் உள்ள போம்" என்றார் நாகநாதன். அவர் முகம் சிவந்திருந்தது.

"போறன். பெட்டியையும் கொண்டு போறன். அது என்ர சீதனம்." கைப்பிடியைக் கழற்றி முந்தானையில் சுற்றிக்கொண்டாள். யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளை எதை மறுத்தாலும் சீதனத்தில் கைவைக்க மாட்டான். வள்ளிநாயகிக்கு அது தெரியும். "இனிச் சபையைப் பெட்டி இல்லாமல் நடத்துங்கோ. தோடியை வாயால பாடுங்கோ."

"ஐயோ வேண்டாம்! மாஸ்டர் பாடினால் ஜப்பான்காரனே ஓடிப்போவான்" என்றார் கார்த்திகேசு.

"கார்த்திகேசு!"

கடைசியில் மாஸ்டர்தான் இறங்கி வந்தார். "சரி, பிள்ளை. போடும். கேப்பம்."

"தோடியும் போடுவன். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் புது முள்ளு. ஒருத்தருக்கும் ஓரவஞ்சனை இல்லை."

முதலில் தோடியை வைத்தாள். சாவி கொடுத்தாள். முள் இறங்கியது.

எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அதற்கும் அப்பால், கொட்டும் மழைக்குப் பின்னால் யாரோ ஒரு மனிதன் எதையோ சொல்ல முயல்வதுபோல, ஆலத்தம்பாடி வித்துவான். மாஸ்டர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். தொடையில் தாளம் விழுந்தது. "ஆஹா!" என்றார் வழக்கமான இடத்தில்.

நாகநாதனின் தாளம் மட்டும் நின்றுவிட்டது.

"எதைக் கேட்டு ஆஹா சொன்னனீங்கள், மாஸ்டர்?" வள்ளிநாயகி கேட்டாள். "அந்தத் தோடி உங்கட தலைக்குள்ள பாடுது. பெட்டியில பாடேல்லை. நல்ல பிளேட், நல்ல பிளேட் எண்டு நீங்கள் தீட்டின ஊசியால வாரா வாரம் உழுதல்லோ விட்டிருக்கிறியள்! கொண்டவளை அணைச்சே கொன்ற கதை!"

அவள் முள்ளை மாற்றினாள். பைரவியை வைத்தாள்.

சத்தம் குறைவு. கார்த்திகேசு நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். பிறகு நாகநாதன் குனிந்தார். சந்தில் ஒரு சைக்கிள் மணி அடித்து ஓய்ந்தது. சொர்ணாம்பாள் அவசரமே இல்லாமல் படியேறிக்கொண்டிருந்தாள், குடத்தில் நீர் தளும்பாமல் ஏறுகிறவளைப்போல. வேலிக்கு அந்தப் பக்கம் விறகு பிளந்த ஓசையும் நின்றது. ஹபீபா பீவி வந்துவிட்டாள் என்று வள்ளிநாயகிக்குத் தெரிந்தது.

மேல் ஸ்தாயிக்கு முன்னால் அது வந்தது.

"சிரிக்கிறா!" என்றார் நாகநாதன், தன்னை அறியாமல்.

"சிரிப்பில்லை" என்றாள் வள்ளிநாயகி. "மூச்சு."

தட்டு முடிந்து சும்மா சுற்றியது. கார்த்திகேசு சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாஸ்டர், நான் இண்டைக்குத்தான் கேட்டன்" என்றார். மாஸ்டர் பேசுமுன் தானாக ஓர் அபிப்பிராயம் சொன்னது அவருடைய வாழ்நாளில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நாகநாதனின் கண் தோடியில் நிற்பதைப் பார்த்து மாஸ்டர் எழுந்து குடையை எடுத்தார். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் சில மனிதர்களுக்குக் கண் ஒன்று சொல்லும், வாய் ஒன்று சொல்லும். "எல்லாம் முள்ளின்ர அதிட்டம். அழுத்தம் காணாது. தோடியைக் குடுக்கிறதெண்டால் நான் இந்தப் படி ஏற மாட்டன், நாகநாதன்."

"அது என்ர பிளேட், மாஸ்டர். பாதிக் கணக்குக்கு ஒண்டு போகத்தானே வேணும்" என்றார் நாகநாதன்.

தோடியை இரண்டு கையாலும் எடுத்தார். வேட்டித் தலைப்பால் ஒருமுறை துடைத்தார். இடப்பக்க அடுக்கின்மேல் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற வள்ளிநாயகிக்கு மகிழ்ச்சி வரவில்லை. 'உன்ர பாட்டு நல்ல பாட்டு' என்று ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை! இத்தனை வருஷத்துக்கு அந்த ஒரு வார்த்தை கடனாக நிற்கிறதே என்றுதான் நெஞ்சு கொதித்தது.

திங்கட்கிழமை காலையில் தங்கராஜு சைக்கிளோடு வந்தான். பின்னால் ஒரு சாக்கு. அடுக்கைத் தூக்கி, பெயரைக்கூடப் பாராமல் அதில் போட்டான். உள்ளே ஏதோ ஒன்று முறிந்த சத்தம் கேட்டது. நாகநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்துப் போடு தம்பி, ஒடையுது!" என்றாள் வேலியோரம் நின்ற ஹபீபா பீவி.

"ஒடைஞ்சா என்னாக்கா? அவுங்க என்ன பாட்டா கேக்கப் போறாங்க? உருக்குறதுக்குலா. எடதான் பாப்பாங்க."

எடை! யார் பாடியது, எந்த ராகம், யாருடைய கண்மணி, எந்த அபிப்பிராயமும் இல்லை, எடை! அந்தச் சொல்லைக் கேட்டு நாகநாதன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். ஆண்டு ஆண்டாகத் தோடியைக் கொண்டாடிய அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும், வள்ளிநாயகிக்கு நேற்றைய கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. அதைவிடப் பெரிய கோபம் ஒன்று வந்தது. விறுவிறுவென்று படியிறங்கிப் போய்ச் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினாள். சாக்குக்குள் கைவிட்டாள். முறிந்தது வேறொரு தட்டு. தோடி முழுசாகத்தான் இருந்தது. பைரவியைச் சுற்றி வைத்திருந்து, இப்போது இடுப்பில் செருகியிருந்த பட்டுத் துண்டை உருவினாள்.

"என்னக்கா செய்றீங்க? திருப்பிக் கேட்டா தரமாட்டேன். எனக்குக் கழுத்துப் போயிரும்லா!"

"ஆர் திருப்பிக் கேட்டது?"

தோடியைத் துண்டில் சுற்றினாள். நான்கு மூலையையும் இறுக்கிக் கட்டினாள். அவனுடைய கையிலேயே கொடுத்தாள்.

"உருக்கிறவன் உருக்கட்டும். அதுவரைக்கும் சாக்கில போடாதை. கையில வைச்சுக்கொண்டு போ. அது ஆலத்தம்பாடித் தோடி!"

தங்கராஜு திருதிருவென்று விழித்தான். பிறகு என்ன நினைத்தானோ, ஒரு கையால் பட்டு மூட்டையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்தைக் கடந்து போனான்.